மூலையில் கொஞ்சம் மஞ்சள்

கேலரியில் படங்களை மாட்டுவது அவளுடைய வேலை. எது எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எதற்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்வாள். ஓவியர்கள், தாங்கள் பெற்ற பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்கள்போலப் படத்தோடு வந்து நிற்பார்கள். வாசலுக்கு நேரே மாட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள். நேரே மாட்டினால் உள்ளே வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், கொஞ்சம் தள்ளி மாட்டினால்தான் நிற்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். முறைத்துக்கொண்டு போனவர்கள் திறப்பு நாளன்று வந்து நன்றி சொல்வார்கள்.

அவள் கணவனும் ஓவியன்தான். கல்யாணமான புதிதிலிருந்து அவர்களுக்குள் ஒரு பழக்கம். ஒரு படம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றினால், அவள் கண் விழித்ததும் தெரிகிற இடத்தில் அதைச் சாய்த்து வைப்பான். தூக்கக் கலக்கத்தோடு பார்த்து அவள் 'போதும்' என்றால் கையெழுத்துப் போடுவான். 'ம்ஹும்' என்றால் ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போவான். ஏன் என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பத்திரிகைகளில் அவனைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். அந்த ஒற்றை வார்த்தையைப் பற்றி யாருக்கும் தெரியாது. உடைக்குள் மறைத்துப் போட்டிருக்கிற நகைபோல அதை அவள் வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அவன் படங்கள் பெரிதாகிவிட்டன. முதல் படத்தை அவனும் கீழ்வீட்டுக்காரரும் மாடிப்படித் திருப்பத்தில் திருப்பப் பார்த்ததில் சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். அதனால் ஒரு ஸ்டுடியோவில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்தான். மறுபாதியில் ஒரு பெண் வேலை செய்தாள். கம்பியை வளைத்து உருவங்கள் செய்கிறவள்.

அதிலிருந்து சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. அவங்க இப்படிச் சொன்னாங்க, அவங்க அப்படிக் கேட்டாங்க என்று அவன் பேசிக்கொண்டே சாப்பிடுவான். தன் பக்கத்து ஜன்னலில் அவள் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருக்கிறாளாம், வெயில் வந்தால் அறையே வேறு அறையாகிவிடுமாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்திலும் வெயில் அடித்தது. இவள் மறு சோறு போடாமல் எழுந்துவிட்டாள்.

கேலரியின் வரவேற்பு மேஜையில் இருப்பவள் அவளுடைய நாத்தனார். மறுநாள் அவளிடம் இதைக் கொட்டித் தீர்த்தாள்.

"கம்பிக்காரிக்குத் திரை வேற. எங்க வீட்டு ஜன்னலுக்குத் துணி மாத்தச் சொல்லி வருஷக்கணக்கா கேக்கிறேன், உங்க அண்ணன் காதுல ஏறல."

"அண்ணி, எங்க அண்ணன் சொந்தச் செருப்பையே ஜோடி மாத்திப் போட்டுக்கிட்டு வர்ற ஆளு. அதுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?"

"அதான் பயம். தானா வராது. யாராவது சொல்லிக் குடுத்தா வந்துடும்."

ஸ்டுடியோவுக்கு வந்து படங்களைப் பார் என்று அவன் இரண்டு முறை கூப்பிட்டான். முதல் முறை தலைவலி என்றாள். அடுத்த முறை, "அதான் அங்கேயே ஆள் இருக்கே, காட்ட வேண்டியதுதானே" என்றாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அப்புறம் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். அவன் கூப்பிடாததுதான் இப்போது புதிய குற்றமாகிவிட்டது.

அவள் வேலை பார்க்கிற தெரு முழுக்க கேலரிகள். மாதத்தில் ஒரு சாயங்காலம் எல்லாமே சேர்ந்து திறந்திருக்கும். ஜனங்கள் துணிக்கடை ஏறி இறங்குவதுபோல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். எதிர் வரிசையில், பழைய அச்சகம் இருந்த கட்டிடத்தில், கம்பிக்காரியின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மதிய இடைவேளையில் இவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள்.

கூரையிலிருந்து கம்பி உருவங்கள் தொங்கின. விளக்கு பட்டு அவற்றின் நிழல்கள் சுவரில் விழுந்திருந்தன. அவள் உருவங்களைவிட நிழல்களைத்தான் துருவிப் பார்த்தாள். எந்த நிழலிலாவது அவனுடைய நீண்ட மூக்கு தெரிகிறதா என்று. ஒரு சைக்கிள் இருந்தது, தலை வாருகிற பெண் இருந்தாள், கவிழ்ந்த குடை இருந்தது. மூக்கு இல்லை. எல்லாமே கொஞ்சம் தாழ்வாகத் தொங்குவதைக் கவனித்தபோது மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. யார் மாட்டினார்களோ, கத்துக்குட்டி என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தத் தலை வாருகிற பெண்ணின் நிழல் முன்னால் நின்றுவிட்டாள். வெறும் கம்பி. ஆனாலும் முடியில் சிக்கு விழுந்திருப்பதும், அவள் யாருக்காகவோ அவசரப்படுவதும் தெரிந்தது. மோசமான கலைஞியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மதியச் சாப்பாடு அன்று இறங்கவில்லை.

கணவனுடைய படங்கள் கேலரிக்கு வந்து சேர்ந்தன. உறையைப் பிரித்தபோது அவள் தேடியது ஒன்றைத்தான். தேடியது கிடைத்தும்விட்டது. பெரும்பாலும் அவனுடைய வழக்கமான செங்கல் நிறமும் சாம்பலும்தான். கடைசியாகப் பிரித்த படத்தில் மட்டும் இடது மேல் மூலையில் மஞ்சள் விழுந்திருந்தது. ஜன்னல் துணி வழியாக வருகிற வெயில். தன் வீட்டுக் கூடத்தில் வேறு யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. இவள் ஒரு வார்த்தை சொல்லாமலே அத்தனை படங்களும் முடிந்து வந்துவிட்டன. அப்படியென்றால் 'போதும்' என்று சொன்னது யார்?

இவனுக்கு நான் மாட்டுகிற கடைசிக் கண்காட்சி இதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். மஞ்சள் மூலைப் படத்தைக் கழிவறைக்குப் போகிற நடையில் மாட்டினாள்.

மாட்டுகிற நாளன்று அவன் வந்தான். சட்டைப் பையில் மெல்லிய தூரிகை ஒன்று செருகியிருந்தது. பெரிய ஓவியர் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாக்கும் என்று நினைத்தாள். அவள் ஏணியில் நின்று படச்சட்டத்தின் மேல், சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

அவள் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தாள். "நேரா இருக்கு."

"அது இல்ல."

"என் வேலை அதுதான்."

அவன் அந்தத் தூரிகையை வெளியே எடுத்து, திரும்பப் பையில் செருகிக்கொண்டு, நடைப்பக்கம் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். ஏன் அங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நிழல்போல வெளியே போய்விட்டான். அவள் ஒவ்வொரு படத்துக்கும் வலது கீழ் ஓரமாகப் பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் முட்டியதால் ஒரு சீட்டு கோணலாகிவிட்டது. அவள் வாழ்க்கையில் ஒட்டிய முதல் கோணல் சீட்டு.

திறப்பு அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். கம்பிக்காரியும் வந்திருந்தாள். குட்டையாக, கைவிரலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கம்பி குத்திய தழும்புகளோடு. அவள் அழகாக இருப்பாள் என்று இவள் நினைத்திருந்தாள். அழகில்லை என்பது ஆறுதலாக இல்லை. அப்படியென்றால் அவனுக்குப் பிடித்தது அவள் பேச்சு. அது இன்னும் மோசம்.

கழிவறை நடைதான் எல்லோரும் நின்ற இடமாகப் போயிற்று. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படி நின்ற ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்குக்கு அதுதான் வேண்டும் என்றார். நாத்தனார், விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டை எடுத்துக்கொண்டு ஒட்டப் போனாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கீழ் மூலையைக் குனிந்து பார்த்தார்.

"கையெழுத்தக் காணோமே. இப்படியே மாட்டினா நான் வரைஞ்சதுன்னு நெனச்சு, வர்றவங்க பல்லைப் பிடுங்க விடாம ஓடிடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலரியை நடத்துகிற மேடம் சிரிக்கவில்லை. மற்ற படங்களைப் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை. மாட்டினவளுக்குக் கண் இல்லையா என்று அடிக்குரலில் கேட்டாள்.

மாட்டினவளும் குனிந்து பார்த்தாள். எல்லாப் படத்திலும் அவன் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில்தான் சீட்டு ஒட்டியிருந்தாள். மஞ்சளைத் தேடின கண்ணுக்கு அது தெரியவில்லை. சுவர் ஓரமாக அவன் நின்றிருந்தான். பையில் அதே மெல்லிய தூரிகை.

அவள் பக்கத்தில் போனாள். "என்னங்க இது?"

"நீ இன்னும் சொல்லலையே" என்றான் அவன்.

அவள் முதல் படத்துக்குப் போனாள். திறப்பு விழா நடுவில், கையில் பழரசக் கோப்பையோடு நிற்கிறவர்களுக்கு இடையில், ஒவ்வொரு படமாக நின்று பார்க்க ஆரம்பித்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள். "போதும்" என்றாள். அவன் பையிலிருந்து ஒரு சின்ன வண்ணக் குழாயை எடுத்துத் தூரிகையில் தொட்டு, குனிந்து கையெழுத்துப் போட்டான். அடுத்தது. "போதும்." ஏதோ நிகழ்ச்சி நடக்கிறது என்று நினைத்துக் கூட்டம் பின்னாலேயே வந்தது. செல்போனில் படமும் எடுத்தார்கள். நாத்தனார் அதை அடக்கவில்லை, விளக்கைத்தான் கொஞ்சம் கூட்டிவிட்டாள்.

கடைசியாக மஞ்சள் மூலை. டாக்டர் ஆவலோடு நின்றார். மேடம் கண்ணாலேயே கெஞ்சினாள். அவள் வெகுநேரம் பார்த்தாள். படம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த மஞ்சள் மட்டும் படத்துக்கு உள்ளே இல்லை, வெளியே நின்று எட்டிப் பார்த்தது. இப்படித் தோன்றுவது படத்தாலா, வயிற்றெரிச்சலாலா?

பின்னாலிருந்து கம்பிக்காரியின் குரல் கேட்டது. "நானும் அந்த மூலை வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேங்க. எங்க கேட்டாரு? வீட்டுல சொல்லட்டும்னுட்டாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்ததும் கம்பிக்காரிதானா? அவளோடு ஒத்துப்போகாமல் இருப்பதற்காகவே 'போதும்' என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் போட்டுவிடுவான். ஏன் என்று கேட்கமாட்டான்.

"ம்ஹும்" என்றாள்.

அவன் தூரிகையைத் துடைத்துப் பையில் வைத்தான். டாக்டர் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார். மேடம் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் மாடிப்படி ஏறாது. ஸ்டுடியோவுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அதை அவன் சரிசெய்து முடித்தபிறகு பார்க்க அவள் அங்கே வந்தாக வேண்டும். மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

"வாங்களேன்" என்றாள் கம்பிக்காரி. "ஆனா அங்க ரெண்டு நாற்காலிதான் இருக்கு."

"பரவாயில்ல. என் நாற்காலிய நான் கொண்டுவர்றேன். ஜன்னலுக்கு ஒரு வெள்ளைத் துணியும்" என்றாள் அவள்.

நாத்தனார் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பொட்டை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு எட்டி அண்ணன் சட்டையில் ஒட்டிவிட்டாள்.