கழற்றிய வளையல்

வேலப்பன்சாவடி மண்டபத்தில் எனக்கு வளைகாப்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை நீட்டினேன். கன்னத்தில் சந்தனம் பூசிய ஒவ்வொருத்தியும் ஒரே வாழ்த்தைத்தான் சொன்னாள்: "புள்ளையாவது நல்லபடியா பொறக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கணவரின் அத்தை வேம்புலியம்மாள் வளையலை மாட்டிவிட்டு, "உன்ன மாதிரி இல்லாம, நல்லா நடக்கிற புள்ளையா பொறக்கணும்மா" என்றாள்.

அந்த வளையலைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தேன்.

"ஐயோ, கழட்டாதடி! புள்ளைக்கு ஆவாது!" என்று பெண்கள் பதறினார்கள்.

"இவங்க சொன்னது மட்டும் ஆவுமா? எனக்கு இன்னா கொறை? என்ன மாதிரியே பொறக்கட்டும்னு சொல்றவங்க மட்டும் வந்து போடுங்க."

வரிசையில் ஒருத்தியும் நகரவில்லை. அடுத்து நின்றவள் என்னைப் பெற்ற அம்மா.