டில்லிச் சுருட்டு

துவைக்க எடுத்த சட்டைப் பையில் அது கிடந்தது. பாதி புகைத்த கஞ்சாச் சுருட்டு. புருஷன் தாபே ராம் கஞ்சா பிடிப்பதற்காக லக்னி ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கஞ்சா விளையும் இந்தப் பார்வதி ஆற்றங்கரை மலையூர்களில் அதற்கெல்லாம் கோபப்பட்டால் எந்தப் பெண்ணும் குடித்தனம் நடத்த முடியாது. அவளை எரிய வைத்தது அதைச் சுருட்டியிருந்த விதம்.

இந்த ஊர் ஆண்கள் சிகரெட்டுத் தூளை உள்ளங்கையில் உதிர்த்து, தீக்குச்சிச் சூட்டில் இளக்கிய கஞ்சாப் பிசினை அதோடு பிசைந்து, மறுபடி அதே சிகரெட்டுக்குள் அடைத்து நுனியைத் திருகுவார்கள். தாபே ராம் ஜீப் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டே அதைச் செய்து முடிப்பான். இதுவோ நீளத் தாள், பருத்த முனை, வாய்ப்பக்கம் சுருட்டி வைத்த அட்டை. விடுதிகளில் தங்கும் டில்லிக்காரர்களின் கைவேலை.

"யாரு அவ?"

தாபே ராம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். வாசலில் அவன் ஜீப் நிறையக் கல்யாணக் கூட்டம். மேல் கிராமத்துக்குப் போக வேண்டியவர்கள், அவன் வந்து வண்டியை எடுக்கும்வரை பாடிக்கொண்டிருந்தார்கள்.

"எவடி?"

"இதச் சுருட்டிக் குடுத்தவ."

"விடுதில ஒரு பையன் குடுத்தான். வேணாம்னா சொல்றது?"

"ஒரு மாசமா எந்தச் சட்டையத் தொட்டாலும் இதான். உங்களுக்குக் கை இல்லையா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

லக்னி சிகரெட் பெட்டியை அவன் மடியில் வீசினாள். "என் முன்னால, நம்மூரு மாதிரி ஒண்ணு அடைச்சுக் காட்டுங்க. அப்புறம் நம்பறேன்."

அவன் தூளை உதிர்த்தான். அடைக்கும்போது வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவே இல்லை. தூள் முழங்காலில் கொட்டியது. தாள் கிழிந்தது. இரண்டாவது சிகரெட்டும் கிழிந்தது.

"எத்தன நாளா?"

"மழைக்கு முன்னாலேர்ந்து. கியர் போடறப்ப கொஞ்சம் மரத்துப் போவுது, அவ்வளவுதான். வெளிய சொல்லிடாத. தெரிஞ்சா ஒருத்தனும் வண்டில ஏறமாட்டான்."

மேல் கிராமத்துக்குப் போகிற பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். ஒருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று லக்னி நினைத்தாள். ஒருத்தி என்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

வெளியே யாரோ ஹாரனை அழுத்தினார்கள். தாபே ராம் எழுவதற்குள் அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"எல்லாரும் எறங்குங்க. பிரேக் பிடிக்கல."

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு, அண்ணி?" என்றான் கல்யாணப் பெண்ணின் மாமன்.

"நேத்தும் பிடிக்கல," என்றாள் லக்னி.