புள்ளி வைத்த தால்

வியாழக்கிழமை வகுப்புக்கு அக்கா தங்கை இருவரில் பெரியவள் மட்டும்தான் வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது ஆலிமா ஒரு கைக்கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“வாயைப் பாத்துக்கிட்டே சொல்லுங்கக்கா. நாக்கு நுனி மேல்பல்லோட விளிம்பைத் தொடணும். கொஞ்சம் வெளிய தெரியணும்.”

குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஆலிமாவுக்கு இருபத்துநான்கு வயது. எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களும் அவளைவிட மூத்தவர்கள். எல்லோரும் சிறுவயதிலேயே ஓதிப் பழகியவர்கள்தான். ஆனால் அரபியின் ஒவ்வொரு எழுத்தும் வாய்க்குள் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை இப்போதுதான் படிக்கிறார்கள். தொண்டையின் அடியில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டாக உதட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். இன்றைய எழுத்து, தலையில் ஒரு புள்ளி வைத்த தால்.

பெரியவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். நாக்கு எட்டிப் பார்க்கவே இல்லை. மறுபடி சொன்னாள். பல்லுக்குப் பின்னாலேயே நின்று ஈ பறப்பது போல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு அடங்கியது.

“நீங்க என்னக்கா வேலை பாக்கறீங்க?”

“ஆல்டரேஷன் கடை. பேன்ட் நீளம் குறைக்கிறது, ஜிப் மாத்துறது.”

“குண்டூசியை வாயில கடிச்சுக்குவீங்களா?”

“இருபது வருஷமா.”

“அதான் விஷயம். உங்க நாக்கு பயந்துபோய்க் கிடக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள்.

“கவலைப்படாதீங்க, பழகினா வந்துரும்” என்றாள் ஆலிமா. “முன்பல்லு விழுந்த சின்னப் பிள்ளைங்களைப் பாருங்க. இந்த எழுத்தைச் சட்டுனு சொல்லிடுவாங்க. நாக்கு தானா ஓட்டை வழியா வந்துரும். நாம திருத்துறேன்னு கெடுக்காம இருந்தா போதும்.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை பெரியவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தங்கைக்கு ஏழு. வீட்டில் ஓதிக்கொடுக்கும் பொறுப்பு அக்காவினுடையது. தங்கைக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. புள்ளி வைத்த தால் வரும் இடத்திலெல்லாம் அவள் நாக்கு வெளியே வந்தது. “வாய் குழற ஓதாதடி, நாக்கை உள்ள இழு” என்று அக்கா தொடையில் கிள்ளினாள். ஒரு நாளா, இரண்டு நாளா? மழைக்காலம் முழுக்கக் கிள்ளினாள். கடைசியில் நாக்கு உள்ளே போனது. கூடவே குரலும் போனது. பெண்கள் கூடி ஓதும் இடத்தில் தங்கையின் உதடு மட்டும் அசையும். கூச்ச சுபாவம் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். இந்த வகுப்புக்கு வரச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாகிவிட்டது. “எனக்கு வாயில வராது. நீ போ” என்பதுதான் மூன்று முறையும் பதில்.

வகுப்பு முடிந்து கடைக்கு வந்தபோது தங்கை தையல் மெஷினில் இருந்தாள். இருவரும் சேர்ந்துதான் கடையை நடத்துகிறார்கள். பெரியவள் அளவெடுத்து வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். ஒரு காக்கிப் பேன்ட்டின் கால் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன, முகம் ஒரு மாதிரியா இருக்கு? ஆலிமா முட்டி போட வச்சுட்டாங்களா?”

“மெஷினை நிறுத்து.”

“ஆறு மணிக்கு ஆள் வந்துருவான்.”

“நிறுத்துடி.”

மெஷின் நின்றது. பெரியவள் வெட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள். வழியில் நினைத்துவைத்த வார்த்தை எதுவும் வரவில்லை.

“சின்ன வயசுல நீ ஓதினதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு.”

“எது?”

“புள்ளி வச்ச தால். நாக்கு வெளிய வரணுமாம். நீ சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தே. நான் கிள்ளிக் கிள்ளி மாத்திட்டேன்.”

சின்னவள் பேன்ட் காலை நீவிவிட்டாள். நீவிய இடத்தையே மறுபடி நீவினாள்.

“அப்ப எனக்கு வாயில கோளாறு ஒண்ணும் இல்ல.”

“இல்ல.”

“என் பொண்ணுக்குக்கூட நான் ஓதிக்குடுக்கலையே அக்கா. எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். என்னைப் பாத்து அவளும் வாய் குழறி ஓதப் பழகிடுவாளோன்னு.”

இது பெரியவளுக்குத் தெரியாது. தங்கைக்கு நேரமில்லை, அதனால்தான் அனுப்புகிறாள் என்று நினைத்திருந்தாள். “எனக்குத் தெரியாம…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். தெரியாமல் செய்ததுதான். ஆனால் கிள்ளியது தெரிந்தேதான்.

“மன்னிச்சுரு” என்றாள்.

சின்னவள் பாபினைக் கழற்றிப் பார்த்தாள். அதில் நூல் நிறைய இருந்தது. திரும்ப மாட்டினாள்.

“சரி, அதைச் சொல்லிக் காட்டு. கேப்போம்.”

“எனக்கு வரல. குண்டூசி கடிச்சுக் கடிச்சு நாக்கு பயப்படுதாம்.”

“உனக்கே வராததை எனக்குச் சொல்லிக்குடுத்தியா நீ?”

சொல்லும்போதே சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் சிரிக்கவில்லை. பெரியவள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளத் துணியவில்லை.

கடைக்கு வெளியே யாரோ வண்டியை நிறுத்தினார்கள். பக்கத்துக் கடைக்கு வந்தவர்கள். அவர்கள் உள்ளே போகும்வரை சின்னவள் காத்திருந்தாள். பிறகு புறங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். முதல் முறை காற்று மட்டும் வந்தது. இரண்டாவது முறை எழுத்து வந்தது. ஆலிமாவின் வாயில் வருவது போலவே, நுனி நாக்கில் அதிர்ந்து, மெல்லியதாக.

பெரியவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட எட்டிப் பார்த்தது. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தும் தனக்கு வராதது.

சின்னவள் கையை எடுத்துவிட்டாள். தொழுகையில் தினமும் மனசுக்குள் ஓதும் குர்ஆனின் முதல் அத்தியாயத்தின் கடைசி வரியைக் குரலெடுத்து ஓதினாள். அதில் புள்ளி வைத்த தால் சரியாக வந்தது. குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. வரியின் முடிவில் இன்னொரு எழுத்து இருக்கிறது. நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் பட்டுக் கனமாக வரவேண்டியது, போன மாதப் பாடம். அது தப்பாக வந்தது. லேசாக, நுனி நாக்கிலேயே வந்தது.

பெரியவளின் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள்.

“சரியா இருந்துச்சா?”

“தால் நல்லா வந்துச்சு.”

“மத்தது?”

“மத்ததை எதுக்குடி என்கிட்ட கேக்குறே? வர்ற வியாழன் வந்து ஆலிமாகிட்ட கேளு.”

சின்னவள் ஆர்டர் நோட்டைப் புரட்டினாள். “அன்னிக்கு ஜிப் வேலை மூணு இருக்கே” என்றாள்.

“நான் தைக்கிறேன்.”

“நீயா? உன் தையல் கோணும்.”

“நீ போயிட்டு வந்து பிரிச்சுத் தை.”

“எத்தனை மணிக்கு வகுப்பு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சின்னவள் மெஷினை மிதித்தாள்.