மூன்று நிமிடச் சாட்சி

எட்வர்ட் எழுந்து மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பும் வரை படியில் உட்கார்ந்திருந்தான். பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். ராத்திரி இரும்பு மில்களிலிருந்து வந்து படிந்த கருந்தூளை வாசலிலிருந்து கூட்டித் தள்ளினான். மகள் ஸ்நேகாவை எழுப்பிப் பல் தேய்க்க வைத்தான். அவளுக்கு இரட்டைச் சடை வேண்டும். அவனுக்குக் குதிரைவால்தான் வரும். அதைப் போட்டு ரப்பர் மாட்டினான். மாமியார் ஞானம்மா டிபன் பாக்ஸை நீட்டினாள். வாங்கிப் பையில் வைத்தான். கம்பெனி பஸ் நிற்கும் திருப்பத்துக்கு நடந்தான்.

இவற்றுக்கு நடுவே அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து, ஜெனிபர் கடைசியாகச் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பான். மூன்று சின்ன வாக்கியங்கள். அவள் குரலில், அவள் இழுத்த இழுப்பில். மாத்திரை விழுங்குகிற மாதிரி. நவம்பரில் அவள் இறந்ததிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. இன்று காலை அவை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. கர்த்தருடைய வேலைக்கு நீ போ. அதுவும் அவள் குரலில்தான் வந்தது. தொட்டி வழிந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி, பக்கத்து வீட்டு சோனியா சத்தம் போட்ட பிறகுதான் ஸ்விட்சை அணைத்தான்.

அது சபையின் வாக்கியம். ஜெனிபர் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வேதம் வாசிக்கும்போது தவிர கர்த்தர் என்ற சொல் அவள் வாயில் வராது. ஆண்டவரே என்பாள், அதுவும் கரண்ட் போனால். ஜனவரியில் ஆந்திரப் பக்கம் மலையடிக் கிராமங்களுக்கு ஊழியப் பயணம் போகும் குழுவில் அவள் பெயர் இருந்தது. தெலுங்குப் பாட்டுகளைத் தமிழில் எழுதிவைத்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடிப் பழகினாள். காய்ச்சலின் முதல் நாள், துணி மடித்துக்கொண்டே, "என்னால முடிலன்னா நீ போய்ட்டு வா" என்று எட்வர்டிடம் சொன்னாள். அடுப்படியிலிருந்த ஞானம்மா அதைக் கேட்டாள். அதன்பிறகு டெங்கு என்றார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. உடன் ஒருவர்தான் இருக்கலாம். எட்வர்ட் இருந்தான். ஆகவே ஞானம்மாவின் காதில் மகள் கடைசியாக விட்டுப்போனது துணி மடிக்கையில் சொன்ன அந்த ஒன்றுதான்.

அவர்கள் சபையில் யார் இறந்தாலும் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பார்கள். மண் போடுமுன் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிப்பார்கள். பாஸ்டர் ராஜமாணிக்கம் கேட்டபோது எட்வர்டுக்கு நாக்கு எழவில்லை. ஞானம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பாஸ்டர் அதை உரக்கச் சொன்னபோது அதில் கர்த்தர் சேர்ந்துகொண்டார். பொய் சொன்னது யார் என்று விரல் நீட்ட ஆள் கிடையாது. அதுவரை சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்த ஞானம்மா அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள். பிறகு ரேஷன் கடையில், ஷேர் ஆட்டோவில், கவரைப்பேட்டையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களிடம், எங்கும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. தள்ளிப்போன பயணம் மே மாதத்துக்கு முடிவானபோது ஜெனிபரின் இடத்தில் எட்வர்டின் பெயரை எழுதினார்கள். அவனைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மனைவியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மில்லில் அவனுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. உலையிலிருந்து எடுத்த இரும்பு மாதிரியைத் தேய்த்து இயந்திரத்தில் வைத்தால் திரையில் அளவுகள் வரும். அதே எண்ணுக்கு இரண்டாம் தடவை அளவு ஏற்றினால் முதலில் வந்தது அழிந்துவிடும். அழிக்கட்டுமா என்று கேட்கக்கூடச் செய்யாது. அன்று முழுக்க எட்வர்ட் அந்தத் திரையைப் பார்த்தபடி இருந்தான். பயணத்தில் ஊர் ஊராகக் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் எழுந்து நின்று மூன்று நிமிடம், தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அந்த வாக்கியத்தில் முடியும். தன் வாயாலேயே அத்தனை தடவை சொல்லிவிட்டுத் திரும்பும்போது, ஜெனிபர் அதைத்தான் சொல்லியிருப்பாள். வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளுடைய குரல் போனில் இருக்கிறது. கறிவேப்பிலை வாங்கி வா, உங்க அக்கா போன் பண்ணாங்க, ஹெல்மெட்ட மறந்துட்டியா என்று சின்னச் சின்னப் பதிவுகள். சாப்பாட்டு இடைவேளையில் அவற்றைக் கேட்டான். குரல் அப்படியே இருந்தது. அந்தக் குரலில் எதைப் போட்டாலும் பொருந்துகிறது என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது. போனை அணைத்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஞானம்மா பயணப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டைகள், போர்வை, கொசுவத்தி, ஓடோமாஸ். கொசுவுக்கானதை மட்டும் இரண்டு மடங்கு வாங்கியிருந்தாள். ஸ்நேகா பைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, தன்னையும் சேர்த்து மூடச் சொல்லி அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆண்டவர் வேலைக்குப் போகும்போது வீட்டு நினைப்பு கூடாது என்று ஞானம்மா சொல்லிக்கொண்டே போனாள். எட்வர்ட் சுவரில் சாய்ந்து நின்றான். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தான். நேராகச் சொல்ல வரவில்லை.

"அத்த, ஜெனிக்கு சின்ன வயசுல பயம் எதுனா இருந்துச்சா?"

"பயமா? அவளுக்கா?" ஞானம்மா சிரித்தாள். ஆறு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. "கரப்பான்பூச்சிய பாத்தா தெருவே கேக்கற மாரி கத்துவா. மத்தபடி இன்னா பயம். சாவுக்கே பயப்படலியே மாப்ள, எம்பொண்ணு. அத நெனச்சுக்கினுதான் நான் சோறு துன்றேன்."

எட்வர்ட் ஸ்நேகாவைப் பையிலிருந்து தூக்கி வெளியே விட்டான். அவள் மறுபடி உள்ளே ஏறினாள்.

ராத்திரி அவன் தூங்கவில்லை என்று சொல்ல முடியாது. தூங்கினான். காலையில் மோட்டார் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து காத்திருந்தான். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு வெகுநேரம் ஆனது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, தகரக் கூரைக்கு அடியில் எல்லாரும் எலுமிச்சைச் சோறு சாப்பிட்ட பிறகு ஒத்திகை. வெயிலில் கூரை டக் டக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. பாஸ்டர் ராஜமாணிக்கம் முன்பு உருக்காலையில் வேலை பார்த்தவர், அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். சாட்சி மூன்று நிமிடம், அழுவதாக இருந்தால் வீட்டிலேயே அழுதுவிட்டு வர வேண்டும், அங்கே ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றார். மொழிபெயர்ப்பவன் தானியேல், ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரன், ஷிப்ட் வேன் ஓட்டுகிறவன். எட்வர்டின் தோளில் தட்டினான்.

"அண்ணா, சின்னச் சின்னதா சொல்லு. கூட்ஸ் வண்டி மாரி நீளமா உட்டன்னா கடைசிப் பொட்டிய நான் எங்க புடிக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் பாயில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஸ்நேகா வாய் திறந்து தூங்கினாள்.

எட்வர்ட் மைக்கைப் பிடித்தான். என் பெயர் எட்வர்ட் என்றான். தானியேல் தெலுங்கில் சொன்னான். என் மனைவி ஜெனிபர் இந்தப் பயணத்துக்கு வர இருந்தாள். தானியேல் சொன்னான். அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இப்படித் துண்டு துண்டாகச் சொல்வது கஷ்டமாக இல்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு நிற்கலாம். அடுத்தவன் வாயில் அது போகும்வரை எதையும் நினைக்காமல் இருக்கலாம். சபை ஜெபித்தது. மருத்துவர்கள் பார்த்தார்கள். போகும் முன் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். இதற்கும் தெலுங்கு வந்தது. எட்வர்ட் மூச்சை இழுத்தான்.

அவன் வாய் திறப்பதற்குள் தானியேல், "ப்ரபுவு பனிக்கி நுவ்வு வெள்ளு" என்று அந்த வாக்கியத்தையே சொல்லி முடித்துவிட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து ஆமென் எழுந்தது.

"இன்னாடா, அவன் சொல்றதுக்கு மின்னாடியே சொல்ட்ட," என்றார் பாஸ்டர்.

"எத்தினி வாட்டி கேட்டுக்கினு கீறேன் பாஸ்டர். மனப்பாடம்."

சரி, தமிழில் நீயும் சொல்லிவிடு, முடித்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் கையசைத்தார். எட்வர்ட் நின்றான். தெலுங்கில் கேட்டபோது அந்த வாக்கியம் அவள் குரலில் வரவில்லை. தானியேலின் கட்டைக் குரலில், யாரோ யாருக்கோ சொன்னதாக வந்தது. அது விலகிய இடத்தில் அந்தக் கதவு தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. இதற்குமேல் நீங்கள் வரக்கூடாது என்று நர்ஸ் கையை நீட்டினாள். ஸ்ட்ரெச்சரில் ஜெனிபர் அவன் சட்டைப் பையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். விரல்களை நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள், கோபமில்லாமல், பழகிய கையால். ஜெனிபரின் உதடு வெடித்திருந்தது. கண் அவனை விட்டு நகரவில்லை.

ஞானம்மா பாயிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த பாட்டின் கடைசி அடிக்குக் காத்திருப்பவளைப் போல அவள் உதடுகள் முன்னாலேயே அசையத் தொடங்கியிருந்தன. சொன்னால் அவள் நாளைக்கு எதை நினைத்துச் சாப்பிடுவாள் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் நாளைக் காலை படியில் உட்காரும்போது என்ன வரும் என்றும் தெரியவில்லை. மைக்கைக் கீழே இறக்கினான். மெல்லச் சொன்னாலும் கேட்கும்படி, அந்தப் பாயருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தானியேலும் பின்னாலேயே வந்து, மொழிபெயர்க்கக் குனிந்து காது கொடுத்து நின்றான்.

"அத்த, கதவாண்ட அவ சொன்னது இது," என்றான். பிறகு அவள் இழுத்த மாதிரியே இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான்.

"நீ போவாத. பயமா கீது. இங்க யாரையும் எனக்குத் தெரியாது."