கடல் விமானத்தின் இடப்பக்கம்

போடி கடைத்தெருவில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஆணியும் விற்கும் சுந்தர்ராஜுக்குக் கைரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்திருக்கும். முப்பது ஆண்டுகளாகக் கடையில் சுண்ணாம்பும், கடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் உப்புத்தாளும் சேர்ந்து, அவருடைய பத்து விரல்களையும் ஆற்றுக் கூழாங்கற்களைப் போல வழுவழுப்பாக்கிவிட்டிருந்தன. மாதாமாதம் ரேஷன் கடையில் இயந்திரத்தின் கண்ணாடியில் அவர் பெருவிரலை வைப்பார். சிவப்பு விளக்கு எரியும்.

"அண்ணாச்சிக்கு இந்த மாசமும் ரேகை வரலியே" என்பாள் பில் போடும் அனுசுயா.

"வெள்ளாமையே இல்லாத பூமி, அங்கன என்னத்த மொளைக்கும்? தள்ளுங்க இங்கிட்டு" என்று அவர் மனைவி கிருபாவதி தன் விரலை வைப்பாள். பச்சை விளக்கு எரியும். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்; சுந்தர்ராஜும் சிரிப்பார். மகன் ஜோயல் போன பிறகு அந்த இருவரிடமும் மிஞ்சியிருந்த வேடிக்கை அது ஒன்றுதான்.

பின்னறையில் அவர் செய்துவந்தது விமானங்கள். உள்ளங்கையில் அடங்குகிறவையும் முழங்கை நீளம் வருகிறவையுமாக, பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரிகள். ஒரு பெட்டி வாங்கினால் உள்ளே இறக்கை, வால், சக்கரம், விமானியின் நாற்காலி எல்லாம் தனித்தனித் துண்டுகளாக ஒரு சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, தேய்த்து, வண்ணமடித்து, நிஜத்தின் குட்டியாக ஆக்கவேண்டும். புதிதாக வரும் பெட்டிகளை அவர் தொடமாட்டார். அவற்றில் எல்லாம் தானாகவே பொருந்திக்கொள்ளுமாம். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட பழைய பெட்டிகளே அவருக்குப் பிடித்தமானவை. அவற்றில் பாதிக்குப் பாதி சேராது. இணைப்பில் விரிசல் வாய் பிளக்கும். பொருந்தாததை, விரிசல் அடைக்கும் புட்டியை வைத்துத் தேய்த்துப் பொருந்தவைப்பதில்தான் அவருக்கு ருசி. வேலைக்கு ஒரு விதியும் வைத்திருந்தார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. ஆகவே இணைப்பைத் தேய்க்கும்போது கண்களை மூடிக்கொள்வார். ரேகை இல்லாவிட்டாலும் அந்த விரலுக்கு மயிரிழைச் சொரசொரப்பும் தப்பாது. தப்பாததை உப்புத்தாள் விட்டுவைக்காது.

ஜோயல் பள்ளிக்கூட நாளிலிருந்தே அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தவன். அவனுக்கு எதிலும் அவசரம். பசையை அளவுக்கு மேல் வைப்பான். காயுமுன் எடுத்துப் பார்ப்பான். அவன் முடித்ததையெல்லாம் தகப்பனார் விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இந்த எடம் மேடு. இங்கன ஒட்டு தெரியுது பாரு" என்பார். சொன்னதோடு நிற்காமல் தாமே தேய்த்தும் விடுவார்.

ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "அப்பா, மேகமலைக் காட்டுல ஒரு தாய்மான் இருந்துச்சாம். குட்டி மேல புள்ளியப் பாத்து அழுக்குன்னு நெனச்சுக்கிட்டு, நக்கு நக்குன்னு நக்குச்சாம். புள்ளியெல்லாம் போயிருச்சு. மறுநாளு மந்தையில நின்ன குட்டியில தன் குட்டி எதுன்னு அதுக்கே தெரியலையாம்."

"பெறகு?"

"பெறகு என்ன, எல்லாக் குட்டியையும் நக்கிக்கிட்டுத் திரியுதாம், ஒங்கள மாதிரி."

"போடா" என்று சிரித்துவிட்டு, கையிலிருந்ததைத் தேய்த்து முடித்தார் சுந்தர்ராஜ்.

தேனியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் ஜோயல் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு கடல் விமானம். அடிப்பாகம் படகைப் போலிருக்கும்; தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் வகை. கோயம்புத்தூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து தபாலில் வந்தது. பெட்டியின் மூலைகள் கிழிந்திருந்தன; இறக்கையில் ஒட்டவேண்டிய அடையாளப் படத்தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. அதைக் கண்ணாடி உறையில் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவைத்து வெளுக்கவைத்தான். பிறகு உடலின் இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டினான்.

இந்த வேலைக்கான பசை தண்ணீரைப் போன்றது. அது பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். இளகியிருக்கும்போது விரல் பட்டால் விரல் அப்படியே பதிந்து இறுகிவிடும். விமானத்தின் இடப்பக்கம், இறக்கைக்குக் கீழே, ஜோயலின் பெருவிரல் பதிந்துபோயிற்று. சுழி சுழியாக, ஒரு வரி விடாமல்.

சுந்தர்ராஜ் அதைப் பார்த்தார். "இருவத்தாறு வயசாகியும் கை இன்னும் கையா வரலையே ஒனக்கு. மொதல்ல அதத் தேச்சு எடு, மத்ததப் பெறகு பாக்கலாம்" என்றார்.

ஜோயல் பசைக் குப்பியை மூடினான். விமானத்தை அலமாரியில் வைத்தான், பிறகு எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஜூன் மாதச் சாரலில், போடிமெட்டு மலைப்பாதையின் ஒரு திருப்பத்தில் அவனுடைய வண்டி சறுக்கியது.

பாதியில் நின்ற விமானம் அலமாரியிலேயே இருந்தது. தினமும் காலையில் கிருபாவதி அதைத் துடைப்பாள். துடைத்து முடித்ததும் தன் பெருவிரலை அந்தப் பதிவின்மேல் வைத்துச் சற்று நேரம் நிற்பாள். பிறகு அடுப்படிக்குப் போவாள். அந்த விமானம் நின்றுபோனது தன் வாய்ச்சொல்லால்தான் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு நினைவு ஜெபத்திற்குப் பத்து நாள் இருக்கையில் அவரே வாயைத் திறந்தார்.

"கிருபா, அத முடிச்சு வச்சுரட்டுமா? அவன் பேர்ல வர்றவக பாக்கட்டும்."

"அங்கனயே கெடக்கட்டும். ஒங்க கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

"அவன் ரேகை அப்பிடியே இருக்கும். அது மேல பெயிண்டு மட்டும் லேசா. அன்னைக்கு அவன்ட்டச் சொன்னது தப்புன்னு இப்பிடியாச்சும் சொல்லிக்கிறேன்."

கிருபாவதி கைத்துணியை மடித்து அலமாரியில் வைத்தாள். "அந்த எடத்துல ஒங்க தாளு படக்கூடாது. பட்டுச்சுன்னா எனக்கு அவனத் தொட வேற எடம் கெடையாது. பாத்துக்கிருங்க."

அவர் அந்தப் பதிவின்மேல் காகித நாடா ஒட்டிக் காப்பு வைத்தார். இறக்கைகளை ஏற்றினார், வாலைச் சேர்த்தார், முப்பது ஆண்டுகளில் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. ஆறாம் நாள் நாடாவை உரித்துவிட்டுச் சாம்பல் நிற அடிப்பூச்சை அடித்தார். பூச்சுக்கு அடியிலும் மகனுடைய வரிகள் தெளிவாகத் தெரிந்தன. கூடவே வலப்பக்கத்து இணைப்பில் ஒரு மயிரிழை விரிசலும் தெரிந்தது.

அதை விட்டிருக்கலாம். வருகிறவர்களில் ஒருவருக்கும் அது தென்படப்போவதில்லை. ஆனால் மகன் தொடங்கித் தகப்பன் முடித்த வேலையில் விரிசல் இருக்கலாமா என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலை அதில் புட்டி வைத்தார். அன்று மாதாந்திர மின்தடை. சாயங்காலம் வரை மின்சாரம் வராது. வெளியே சாரல் கனத்து, நண்பகலிலேயே அறை இருட்டிக் கிடந்தது. ஜெபத்திற்கு மூன்று நாள்தான் இருந்தது. ஈரக்காற்றில் வண்ணம் காய இரண்டு நாளாவது வேண்டும். காத்திருக்க முடியாது என்று நினைத்தார். விளக்கு எதற்கு, விரல் இருக்கிறதே என்றும் நினைத்தார்.

விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தார். ஈரத்தில் ஒருமுறை கை வழுக்கியது, விமானம் மடியில் உருண்டது, பிடித்துக்கொண்டார். மறுபடி தடவியபோது விரலுக்குச் சொரசொரப்பு அகப்பட்டது. புட்டி மேடு என்று விரல் சொன்னது. தேய்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் லேசாக இருந்தது. மறுபடி தேய்த்தார். கடைசியில் அந்த இடம் முட்டை ஓட்டைப் போல ஆனது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

கண்களைத் திறந்து ஜன்னலருகே கொண்டுபோனபோது, புட்டி வலப்பக்கத்தில் அப்படியே இருந்தது.

ஈரத்துணியால் இடப்பக்கத்தைத் துடைத்தார். துடைத்தால் வரிகள் வெளியே வந்துவிடும் என்பது போல மறுபடி மறுபடி துடைத்தார். பூச்சு போய்ப் பழைய பிளாஸ்டிக் வெள்ளையாகத் தெரிந்தது, அதில் ஒன்றுமில்லை. முன்புறம் கடைப் பையன் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். உலகம் ஒரு கிலோ ஆணி கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சுந்தர்ராஜ் தம் மகனை இரண்டாம் முறை இழந்து நின்றார். முதல் முறைக்கு மழையையும் மலையையும் நோக வழியிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வெகுநேரம் கழித்துப் பசைக் குப்பியைத் திறந்தார். அந்த இடத்தில் தூரிகையால் தடவி, பத்து எண்ணி, தம் பெருவிரலை அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். துவரம்பருப்பு அழுந்திய அளவுக்கு வழுவழுப்பான ஒரு குழி. வரி இல்லை, சுழி இல்லை. இன்னொரு முறை, இன்னும் பலமாக அழுத்தினார். குழி ஆழமானதுதான் மிச்சம். அதன்மேல் வெளிர்நீல வண்ணத்தை அடித்தார்.

நினைவு ஜெபத்திற்கு வந்தவர்கள் எல்லாரும் விமானத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஏலக்காய்க் கடை ஈஸ்வரபாண்டி குனிந்து நாலாபுறமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எங்கயுமே ஒட்டுத் தெரியல. தம்பி கையில்ல கையி! போதகர் ஐயாவே ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டுப் போனாக." சுந்தர்ராஜ் அவருக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

மறுநாள் காலையில் கிருபாவதி துணியோடு வந்தாள். துடைத்தாள். பெருவிரலை வைத்தாள். எடுத்து, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

"என்னங்க, பெயிண்டு தடிப்பா அடிச்சுட்டீகளா?"

ஆம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யை அவளே எடுத்து நீட்டியிருந்தாள். அவரால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. "இல்ல" என்றார்.

"அப்ப இது யாரு வெரலு?"

அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து, அந்தப் பெருவிரலின்மேல் தன் பெருவிரலால் மெல்லத் தடவினாள். பிறகு விமானத்தின் குழியைத் தடவினாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"கரண்டு இல்ல கிருபா. பக்கம் மாறிப் போச்சு. நான் வேணும்னு..."

"தெரியும்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பார். "கடைசியில அவனத் திருத்தி முடிச்சுட்டீக."

அதன் பிறகு அவள் அலமாரியைத் துடைக்க வரவில்லை. அவரும் பின்னறைக்குப் போகவில்லை. உப்புத்தாள் ஊறிய தண்ணீர் கிண்ணத்திலேயே வற்றிச் சாம்பலாகப் படிந்துவிட்டது.

அடுத்த மாதம் ரேஷன் கடைக்கு இருவரும் போனார்கள். சுந்தர்ராஜ் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணாச்சிக்கு இந்த மாசமும் ரேகை வரலியே" என்று சிரித்த அனுசுயா, வழக்கமான பதிலுக்காகக் கிருபாவதியின் முகத்தைப் பார்த்தாள். வரிசையிலும் இரண்டொருவர் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

கிருபாவதி பேசவில்லை. அவரை விலக்கவும் இல்லை. அவர் தாமாகவே விலகிக்கொண்டார். அவள் தன் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது, சீட்டு வந்தது, சர்க்கரையும் பருப்பும் நிறுத்தாயிற்று. விரல் மட்டும் கண்ணாடியிலிருந்து எழவில்லை. அவள் அதை அழுத்திக்கொண்டே நின்றாள்.

"பதிஞ்சுருச்சுக்கா" என்றாள் அனுசுயா, இந்த முறை மெதுவாக. "கைய எடுங்க."