தொடையின் வெளிப்பக்கம்

இரண்டாவது முறையும் மாத்திரை வெளியே வந்துவிட்டது. அத்தையின் மடியிலேயே வாந்தி எடுத்த வாண்டு, வாயைத் துடைப்பதற்குள் சோபாவில் சரிந்தாள். நான்கு வயது, காய்ச்சலிலும் வாய் ஓயாதவள். இப்போது கூப்பிட்டால் 'ம்' கூட வரவில்லை.

அழகு நிலையத்தில் முடி வெட்டும் அத்தைக்கு அன்று விடுமுறை. அண்ணன் வெளியூரில், அண்ணி வேலைக்குப் போயிருக்க, பிள்ளைக்குத் துணையாக வந்திருந்தாள். இந்த வீட்டில் அவளுக்குப் பிடிக்காத பொருள் ஒன்றுதான்: அலமாரி மேலிருந்த மஞ்சள் டப்பா. வாண்டுக்குச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி பிறவியிலேயே சரியில்லை. காய்ச்சல், வாந்தி என்று வந்தால் உடம்பைத் தாங்கிப்பிடிக்கும் சுரப்பு அவளுக்கு ஊறாது. அதற்குத்தான் மாத்திரை, அது வயிற்றில் தங்காவிட்டால் டப்பாவிலிருக்கும் ஊசி. அண்ணி இதைச் சொல்லும்போதெல்லாம், "பிள்ளை தும்மினாலே துக்கம் விசாரிப்பீங்க போல" என்று அத்தை கேலி செய்வாள். ஊசி போட்டுப் பழக அண்ணி கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றவள் அவள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. பாலத்தில் நெரிசலாம். அடுத்து அண்ணியை அழைத்தாள்.

"அண்ணி, திரும்பக் கொடுத்த மாத்திரையும் வாந்தியில போயிடுச்சு. கண்ணைத் திறக்க மாட்டேங்கிறா."

தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் அண்ணியின் குரல் வந்தது.

"ஆம்புலன்ஸ் வரட்டும்னு உட்கார்ந்திருக்காத. டப்பாவை எடு. நீதான் போடணும்."

"எனக்குத் தெரியாது அண்ணி. ஏதாவது ஆயிட்டா?"

"போட்டா ஒண்ணும் ஆகாது. போடலேன்னாதான் ஆகும். போனைக் கீழ வை, நான் சொல்றேன்."

குப்பியின் தலையை அழுத்தியதும் மேலிருந்த நீர் கீழிருந்த பொடியில் இறங்கியது. குலுக்கினாள். ஊசிக்குழலில் அண்ணி முன்பே வரைந்திருந்த சிவப்புக் கோடு வரை மருந்தை இழுத்தாள். ஊர்பேர் தெரியாதவர்களின் காதோரம் கத்தரியை ஓடவிட்டு ஊர்க்கதை பேசுபவள், இப்போது அந்தக் கோட்டை இரண்டு முறை சரிபார்த்தாள்.

"தொடைக்கு வெளிப்பக்கம். நடுவுல. நேரா இறக்கு."

சில்லிட்டு வியர்த்திருந்தது அந்தச் சின்னக் கால். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். வாண்டு வீறிடுவாள் என்று எதிர்பார்த்தாள். பிள்ளை லேசாக முனகினாள், அவ்வளவுதான். அத்தை ஊசியை உருவி, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"போட்டாச்சு அண்ணி." பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் சைரன் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

சாயங்காலம் மருத்துவமனைக் கட்டிலில் வாண்டின் கையில் சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இன்னும் ஏற வேண்டும், இரண்டு நாளாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் செய்த கேலிக்கு மன்னிப்பு கேட்க நினைத்த அத்தை, இந்தப் பக்கம் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள் அண்ணி.

இல்லையென்று தலையாட்டினாள்.

வாண்டு கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அத்தையை.

"அத்தை குத்திட்டா" என்றாள், உடைந்த குரலில்.

"ஆமாடி, குத்திட்டா" என்ற அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வாண்டு கோபத்தோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கால் மட்டும் போர்வையை விட்டு நீண்டு, அத்தையின் மடிமேல் வந்து விழுந்தது.