விளாவிய தண்ணீர்

கொதிக்க வைக்காத தண்ணீரை அவள் பிள்ளைக்குக் கொடுத்ததே இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஏனென்றால் அவளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். காலையில் கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்து, பாட்டில் நிரம்பி, ஒன்றரை வயதுக் குட்டிப்பயல் நாத்தனாரின் இடுப்புக்கு மாறியிருப்பான். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். வீட்டில் இந்த இரண்டு பெண்கள்தான்.

நாத்தனார் இவள் புருஷனுக்கு அக்கா. பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் நிலையத்தில் கழிப்பறை கழுவப் போவாள். அவளைக் கண்டுவிட்டால் பயல் பெற்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இதில் இவளுக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது, மறைப்பானேன்.

முதல் தடவை பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை வந்தபோது இவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“கக்கூஸ் கழுவுற கையால சோறு ஊட்டினா வேற என்ன ஆகும்?”

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிறவள் நாத்தனார். மறுநாள் துணிமணியைக் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்கிறவளின் அறைக்குப் போய்விட்டாள்.

இவள் கம்பெனிக்கு லீவு சொன்னாள். இனி எல்லாம் தன் கைதான், ஒரு குறையும் வராது என்று நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் துவண்டு கிடந்தவனை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிஞ்சுக் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள்.

மறுநாள் மதியம் பயல் கண் திறந்தான். நர்ஸ் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்கச் சொன்னாள். இவள் வார்டு மூலையில் இருந்த கெட்டிலிலிருந்து பாத்திரத்தில் ஊற்றினாள். ஆவி பறந்தது. பிள்ளை சிணுங்கினான். அவசரமாகக் குழாயைத் திறந்து, கொஞ்சம் பிடித்து விளாவி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடு இதமாக இருந்தது.

நர்ஸ் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

“குழாய்த் தண்ணியா ஊத்தினீங்க?”

“கொஞ்சம்தான் சிஸ்டர். சூடு ஆறணுமே.”

“வீட்டுலயும் இப்படித்தானா?”

“ஆமா. காலையில வண்டி வந்துடும். ஆற விட நேரம் ஏது? இவன் அழுதாலும் எனக்குப் பொறுக்காது, அதனால…” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

“அப்புறம் காய்ச்சி என்னம்மா பிரயோஜனம்? ஒரு கரண்டி பச்சத் தண்ணி கலந்தாலும் அவ்வளவும் பச்சத் தண்ணிதான். முன்னாடியே காய்ச்சி, மூடி வெச்சு, தானா ஆற விடுங்க.”

நர்ஸ் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது இவளுக்கு. கீழே போய் யாரிடமோ போன் வாங்கி நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் வேலைக்குப் போகிற வழியில் வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றாள்.

“பார்த்துட்டுப் போயிடறேன். தொட மாட்டேன்.”

கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. இவள் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கோபத்தில் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள் மனுஷி.

“அண்ணி, உங்க கை இல்ல. நான் கொடுத்த தண்ணி. சூடு ஆறட்டும்னு பச்சத் தண்ணிய விளாவிக் கொடுத்தேன். நான்தான்.”

“என் கையால இல்லையா?”

“சத்தியமா இல்ல அண்ணி.”

“நெசமாவா சொல்ற?”

கட்டிலில் கிடந்த பயல் அத்தையின் குரல் கேட்டுத் தலையைத் திருப்பி, ஊசி இல்லாத கையை நீட்டினான். நாத்தனார் ஓரடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்று இவள் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப, தூக்கலாமா?”